பழைய டீசல் காரின் இழுவை குறைந்தால்: எஞ்சினைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

"முந்தியைப் போல இழுக்குதில்லை, எண்ணெயும் கூடக் குடிக்குது." பழைய டீசல் கார் வைத்திருக்கும் குடும்பங்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. இடம்பெயர்ந்து பல இடங்களில் இருந்த எம்மவர்க்கு அந்தக் கார் ஆடம்பரப் பொருளன்று. மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு போவதும், பிரசவ வலி கண்ட பெண்ணை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதுவே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கியபோதும், புதியது வாங்குவது எம்மிற் பலருக்கு எட்டாத காரியம். ஆகவே இருப்பதை நன்றாக வைத்திருக்கப் பழகுவோம்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கார் ஒரு லீற்றருக்கு 8 கிலோமீற்றர் மட்டுமே ஓடியது. "எஞ்சின் முடிந்துவிட்டது, பிரித்துச் செய்ய வேண்டும்" என்று ஒரு கராஜில் சொன்னார்கள். அதற்காகக் கறவைப் பசுவை விற்க விலையும் பேசியாயிற்று. விற்குமுன் ஒரு நாள் பொறுக்கும்படி கேட்டு, நாம் சேர்ந்து பார்த்தோம். பின் சக்கரமொன்றில் பிரேக் இறுகியிருந்தது. காற்று வடிகட்டி செம்மண் தூசியால் அடைத்திருந்தது. இன்ஜெக்டர்களின் மேலுள்ள சிறிய றப்பர்க் குழாய் வெடித்து டீசல் கசிந்தது. மூன்றையும் சரிசெய்த பின் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடியது. பசு வீட்டிலேயே நின்றது. எஞ்சினில் குற்றமில்லை, பார்த்த ஒழுங்கே பிழை. செலவில்லாததை முதலிலும் செலவு கூடியதைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். இந்தப் பாடத்தின் சாரம் அதுவே.

முதலில் அளந்து கொள்வோம்

"கூடக் குடிக்குது" என்ற எண்ணம் மட்டும் போதாது. தாங்கியை வாய்மட்டும் நிரப்பி, கிலோமீற்றர்க் கணக்கைக் கொப்பியில் எழுதுங்கள். 300 கிலோமீற்றர் அளவு ஓடியபின் அதே நிலையத்தில் மீண்டும் வாய்மட்டும் நிரப்புங்கள். 312 கிலோமீற்றர் ஓடி 26 லீற்றர் பிடித்தால், லீற்றருக்கு 12 கிலோமீற்றர். மாதம் 900 கிலோமீற்றர் ஓடும் குடும்பத்துக்கு அது 75 லீற்றர். அதே கார் லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடினால் 100 லீற்றர் வேண்டும். அந்த 25 லீற்றரின் விலையை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் மீண்டும் அளந்தால், எது பலன் தந்தது என்பது தெரியவரும்.

டீசல் எஞ்சினுக்கு வேண்டியவை

எம்மிடையே ஓடும் பழைய டொயோட்டா கொரோலா டீசல் கார்களிலுள்ள 2சி எஞ்சினை உதாரணமாக எடுப்போம். இது 1974 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடையது. பம்ப் இயந்திர முறையில் இயங்குவது. பெற்றோல் எஞ்சினைப் போலத் தீப்பொறி கொடுக்கும் பிளக் இதற்கு இல்லை. காற்றை இறுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றுகின்றது. ஆகவே போதிய காற்று, சுத்தமான டீசல், நல்ல இறுக்கம், சரியான நேரத்தில் தெளிப்பு ஆகிய நான்கும் வேண்டும். இழுவை குறைந்தால் இவற்றுள் ஒன்று குறைந்திருக்கலாம், அல்லது எஞ்சினுக்கு வெளியே ஏதோ வண்டியைப் பிடித்து வைத்திருக்கலாம்.

புகை சொல்லும் செய்தி

எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஒருவர் ஓட்ட இன்னொருவர் பின்னால் வரும் புகையைக் கவனிக்க வேண்டும்.

கரும்புகை: டீசல் முழுதாக எரியவில்லை. காற்று குறைவு, இன்ஜெக்டர் ஒழுகுகின்றது, அல்லது பம்ப் அளவுக்கு மேல் டீசல் கொடுக்கின்றது.

வெண்புகை: டீசல் பற்றாமலே வெளியேறுகின்றது. காலையில் மட்டும் வந்து பின் நின்றால் ஹீற்றர் பிளக்குகளைப் பாருங்கள். சூடான பின்னும் வந்தால் தெளிப்பு நேரம் பிந்தியிருக்கலாம், அல்லது இறுக்கம் குறைந்திருக்கலாம். றேடியேற்றர்த் தண்ணீரும் குறைந்து வந்தால் ஹெட் காஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

நீலப்புகை: எஞ்சின் ஒயில் எரிகின்றது. றிங் அல்லது வால்வுப் பக்கம் தேய்ந்திருக்கலாம்.

புகையே இல்லை, ஆனால் இழுவையும் இல்லை: எஞ்சினுக்கு டீசல் போதாமல் வருகின்றது. வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாயில் காற்றுப் புகலாம், அல்லது அக்சிலேற்றர் கேபிள் முழுதாக இழுபடாமல் இருக்கலாம். சக்கரம் பிடித்திருந்தாலும் வண்டி இப்படிப் பாரமாகவே ஓடும்.

செலவில்லாத சோதனைகள்

1. சக்கரங்கள்: ரயர்க் காற்றை அளவுப்படி நிரப்புங்கள். கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்திருக்கின்றது. மற்றச் சக்கரங்களுக்குக் கல் அணைத்து, ஜக்கில் உயர்த்திச் சுற்றிப் பாருங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது. நெடுநாள் நின்ற வண்டிகளில் கைப்பிரேக் கேபிள் துருவேறி இறுகுவது வழக்கம்.

2. காற்று வடிகட்டி: கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்ற வேண்டும். தூசியை உள்ளிருந்து வெளிப்பக்கமாகவே ஊத வேண்டும். பெற்றோலில் கழுவக் கூடாது. இழுவை கூடுகின்றது என்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓடுவோரும் உளர். அது பெரும் பிழை. எமது பாதைகளின் தூசி நேரே உட்சென்று றிங்கையும் சிலிண்டரையும் தின்றுவிடும்.

3. அக்சிலேற்றர் கேபிள்: எஞ்சினை நிறுத்தி, ஒருவர் அக்சிலேற்றரை அடிவரை மிதிக்க, பம்பிலுள்ள நெம்பு அதன் எல்லை ஆணியில் முட்டுகின்றதா என்று மற்றவர் பார்க்க வேண்டும். முட்டாவிட்டால் கேபிளைச் சரிசெய்தால் போதும்.

4. கசிவு: எஞ்சினைத் துடைத்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். இன்ஜெக்டர்களை இணைக்கும் மெல்லிய திரும்பற் குழாய்களையும் தாங்கியின் அடியையும் கவனியுங்கள். சொட்டுச் சொட்டாகப் போவது மாதக் கடைசியில் லீற்றராகிவிடும்.

5. தெர்மோஸ்டாட்: சூடேறுகின்றது என்று இந்த வால்வையே கழற்றி எறிவது எம்மிடையே உள்ள பழக்கம். அது இல்லாவிட்டால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரப் பிந்தும். குளிர்ந்த எஞ்சின் கூடக் குடிக்கும், கெதியாகவும் தேயும். சூடேறுவதற்கான காரணத்தைத் தேடித் திருத்தி, வால்வைத் திரும்பப் பூட்டுங்கள்.

சிறு செலவுச் சோதனைகள்

6. டீசல் வடிகட்டி: அடியிலுள்ள ஆணியைத் தளர்த்தித் தண்ணீரை ஒரு போத்தலில் வடியுங்கள். அரைத்தாங்கியுடன் பல மாதம் நின்ற வண்டியில் தண்ணீர் சேர்ந்து கறுப்புச் சளி உண்டாகும். அப்படியிருந்தால் தாங்கியையும் கழுவி, புது வடிகட்டி பூட்ட வேண்டும். வடித்ததைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது குடிநீருக்கு இலகுவில் இறங்கிவிடும்.

7. குழாயில் காற்று: பம்புக்கு டீசல் வரும் குழாயின் ஒரு துண்டுக்குப் பதிலாகத் தெளிவான பிளாஸ்ரிக் குழாயைத் தற்காலிகமாகப் பூட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையில் ஓரிடத்தில் காற்றுப் புகுகின்றது.

8. மண்ணெண்ணெய்: 1990களில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் இல்லாத காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடப் பழகினோம். அவை பெற்றோல் எஞ்சின்கள். அந்தப் பழக்கத்தை டீசலுக்குக் கொண்டு வரக் கூடாது. டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே ஒயிலாகவும் உதவுகின்றது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கும் தன்மை குறைவு, பம்ப் தேயும். லீற்றருக்குக் கிடைக்கும் சக்தியும் குறைவு. மிச்சம் பிடிக்கப் போய் பம்பை இழப்பதாகவே அது முடியும்.

தெரிந்தவரிடம் செய்விக்க வேண்டியவை

9. தெளிப்பு நேரம்: ரைமிங் பெல்ட் மாற்றிய பின்னரே இழுவை குறைந்ததென்றால், ஒரு பல் தப்பியிருக்கலாம். 2சி எஞ்சினில் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வுகள் வளைந்து பெருஞ்செலவு வரும்.

10. இன்ஜெக்டர்: எஞ்சின் மெதுவாக ஓடும்போது மெக்கானிக் ஒவ்வொரு இன்ஜெக்டரின் குழாய் நட்டையும் மாறி மாறிச் சற்றுத் தளர்த்துவார். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரே வேலை செய்யவில்லை. வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். அழுத்தத்துடன் பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

11. இறுக்கம்: எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால், "கொம்பிரசன் அளந்தீர்களா? நான்கு சிலிண்டருக்கும் எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நான்கும் ஏறக்குறைய ஒத்திருந்து, எஞ்சின் கையேட்டிலுள்ள எல்லைக்கு மேலிருந்தால் பிரிக்க வேண்டியதில்லை.

12. பம்ப்: இதுவே கடைசி. டீசல் அளவைக் கூட்டும் ஆணியைத் திருகி இழுவை எடுத்துத் தருவதாகச் சொல்வோருக்கு இடங்கொடாதீர்கள். காற்றுப் போதாத எஞ்சினுக்கு டீசலைக் கூட்டினால் வருவது கரும்புகையும் சூடும்தான்.

நல்ல மெக்கானிக் இக்கேள்விகளைக் குறையாக எடுக்கமாட்டார். தன் வேலையை அளந்து காட்டவே விரும்புவார். ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பலனைப் பார்த்த பின்னரே அடுத்ததற்குப் போக வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குற்றம் என்று தெரியாது, பணம் மட்டும் போகும்.

குழுவாகச் சேர்ந்து செய்து பார்க்க

அ. உங்கள் கிராமத்திலுள்ள டீசல் வாகனமொன்றை இரு வாரம் அளந்து, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுங்கள்.

ஆ. முதல் ஐந்து சோதனைகளையும் சேர்ந்து செய்யுங்கள். பெண்களும் இளைஞரும் பங்குகொள்ளட்டும்.

இ. திருத்திய பின் மீண்டும் அளந்து, மாதத்தில் எத்தனை லீற்றர் மிச்சம் என்று கணக்கிடுங்கள். அந்தப் பணத்தில் வீட்டுக்கோ தோட்டத்துக்கோ என்ன செய்யலாம் என்று பேசிக்கொள்ளுங்கள்.