மூன்று மாத நடைக்கு ஒரே கிலோவா?

கேள்வி: எனக்கு 47 வயது. உயரம் 5 அடி 2 அங்குலம். எடை 74 கிலோ. மூன்று மாதமாக தினமும் காலையில் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். குறைந்தது ஒரே ஒரு கிலோ. “இதுக்கா அஞ்சு மணிக்கே எழுந்து ஓடுறே?” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார். நடப்பதை விட்டுவிடலாமா டாக்டர்?
- வாசகி, திருச்சி

பதில்: விடாதீர்கள் அம்மா. மூன்று மாதம் முன்பு மாடிப்படியில் எங்கே நின்று மூச்சு வாங்கினீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். எடை மிஷினுக்கு அது தெரியாது. கொழுப்பும் தசையும் தண்ணீரும் அதற்கு ஒன்றுதான்.

லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட, டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. டிரைவர்கள் குண்டாக இருந்ததுதான் காரணமோ? அந்தச் சந்தேகமும் வந்தது. யூனிஃபார்ம் பேன்ட்டின் இடுப்பளவை வைத்தே பிரித்துப் பார்த்தார்கள். ஒல்லியோ பருமனோ, கண்டக்டருக்குத்தான் ஆபத்து குறைவாக இருந்தது.

அதற்காக எடையைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் உயரத்துக்கு 74 கிலோ அதிகம்தான். முழங்காலுக்குச் சுமை, சர்க்கரைக்கும் வாய்ப்பு. ஆனால், எடையை இறக்குவது பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டு. நடை செய்யும் வேலை வேறு: ரத்த அழுத்தம் இறங்கும், எடை குறையாதபோதும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு கரையும், உழைக்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பட்டினி கிடந்து மட்டும் இளைத்தால் அந்தத் தசையும் சேர்ந்தே போய்விடும்.

வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். விட்டுப்போனது தசைப் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். முட்டையோ சுண்டலோ தினமும் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் மட்டும் உடனே நின்று, மருத்துவரைப் பாருங்கள்.

மிஷினில் மாதம் ஒருமுறை ஏறினால் போதும். அதே நாளில் டேப்பால் இடுப்பை அளந்து காலண்டரில் குறியுங்கள். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். வீட்டுக்காரரின் இடுப்பையும் அளந்துவிடுங்கள். நாளைக் காலை ஐந்து மணிக்கு அவரையும் எழுப்புங்கள்.