மிகுபொருள் விரும்பாமையும் பதவி உயர்வும்

பட்டினப்பாக்கத்துக் கடற்கரையில் உலாவும்போதெல்லாம் நமக்கு நேமிநாதப் பெருமான் நினைவு எழும். மயிலையில் கடலோரம் அப்பெருமானுக்கு ஆலயம் இருந்ததென்பதும், கடலுக்கு அஞ்சித் திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டு செல்லப்பட்டதென்பதும் நம் மரபுச் செய்தி. மணக்கோலத்தில் வந்த பெருமான், விருந்துக்கென அடைக்கப்பட்ட விலங்குகளின் ஓலம் கேட்டு மணத்தையும் அரசபோகத்தையும் துறந்தார். தேடிவந்ததை வேண்டாமென்று சொல்வதும் அறமாகலாம் என்பதை அவ்வரலாறு உணர்த்துகிறது.

அண்மையில் நம் குடியிருப்பைச் சார்ந்த அன்னை ஒருவர் கண்கலங்கி வந்தார். அவர்தம் மகன் பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். குழுத் தலைவர் பதவி தேடிவந்தும் மறுத்துவிட்டார். "அவனுக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளை இப்போது அவனுக்கே அதிகாரி, டீச்சர்! இது சோம்பல் இல்லையா?" என்றார் அன்னை.

மகனை வினவினோம். "மாலை ஐந்து மணி முதல் இரவு பதினொன்று வரை அமெரிக்காவோடு பேச வேண்டும், டீச்சர். பொழுது சாயுமுன் உண்பதும், அப்பாவோடு சாமாயிகத்தில் அமர்வதும் போய்விடும். இந்தச் சம்பளமே எங்களுக்குப் போதும்" என்றார்.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது, மிகுபொருள் விரும்பாமை. பொருளே கூடாதென்பது இதன் கருத்தன்று. இவ்வளவு போதும் என முன்னரே வரைந்துகொள்ள வேண்டும் என்பதே. ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்திற்குரிய குற்றங்கள் ஐந்தைக் கூறுகிறார்: ஆதாயம் கருதி அளவுக்கு மேல் ஓட்டுதல், மிகுதியாகச் சேர்த்து வைத்தல், பிறர் செல்வம் கண்டு மலைத்தல், பேராசை, சுமக்க இயலாத பாரம் ஏற்றுதல். அன்று எருதும் வண்டியும் கருதிச் சொன்னவை, இன்று அலுவலகத்து மனிதருக்கும் பொருந்துகின்றன அல்லவா?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்திற்கு 48 மணி நேர வேலை என வரம்பிட்டது. 2023இல் இன்போசிஸ் நிறுவனர் நாராயணமூர்த்தி, இளைஞர் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்றார். 2025இல் மற்றொரு பெருநிறுவனத் தலைவர் 90 மணி நேரம் என்றார். அளவை நாமே வகுத்துக்கொள்ளாவிடின், பிறர் நமக்காக வகுத்துவிடுவர்.

பதவி பொருளன்றே எனச் சிலர் கேட்கலாம். புறப்பற்றுப் பத்து எனின், அகப்பற்றுப் பதினான்கு. மானம் என்னும் செருக்கும் அவற்றுள் ஒன்று. பதவியால் வரும் செருக்கும், 'நான் மறுத்துவிட்டேன்' என்னும் செருக்கும் ஒரு மரத்துக் கனிகளே.

சோம்பல் வேறு, நிறைவு வேறு. பிரமாதம் என்னும் கவனக்குறைவையும் நம் அறம் கடிகிறது. ஏற்ற வேலையைப் பழுதின்றி முடிப்பவரே 'போதும்' என்று சொல்லத் தகுதியுடையார். கடனும் நோயும் உள்ள குடும்பத்தார் உயர்வை ஏற்பதில் குற்றமில்லை; தேவை தீர்ந்தபின் மிகுவதை உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானத்திற்கு ஆக்குக.

அன்னையிடம் ஒன்றே கேட்டோம்: "வேலையில் அவன்மேல் குறை உண்டா, அம்மா?" "இல்லை, டீச்சர்." "வீட்டில்?" அவர் சற்றே சிந்தித்து, "அவன் வரும் நேரத்திற்காக அவன் அப்பா வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்" என்றார்.

சிந்தனைக்கு: நம் இல்லத்தில் 'போதும்' என்னும் எல்லை எது? பிள்ளைகளோடு அமர்ந்து எழுதி வைப்போம்.

அறம் வளர்க!