பிசானத்தோடு வரும் பைத்தான்

களக்காட்டு வட்டாரத்தில் பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற அக்டோபர் வாக்கில்தான் பைத்தானின் புதுப் பதிப்பும் வருகிறது. 2023 அக்டோபர் 2இல் 3.12, 2024 அக்டோபர் 7இல் 3.13, 2025 அக்டோபர் 7இல் 3.14. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆயுள். ஆகவே பைத்தான் புழங்கும் எந்த அலுவலகத்திலும் ஆண்டுக்கொருமுறை யாராவது கன்டெய்னர் இமேஜ் பில்டில் புதுப் பதிப்பைச் சேர்த்தாக வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்டு வாங்காத வேலை இது. நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

மத்தளம்பாறை ஸோஹோவுக்குப் போய்வருகிறவரானாலும், களக்காட்டு வீட்டு மாடியிலிருந்தே வேலை பார்ப்பவரானாலும், சேர்ந்து ஆறு மாதமான ஒருவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. மாறுவது ஒரு வரிதான். அந்த ஒரு வரிக்காக இயங்குதளம், சார்புத் தொகுப்புகள், சோதனைகள், பைப்லைன் எல்லாவற்றையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.

பழைய பதிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்காதீர்கள், பக்கத்தில் சேருங்கள். அம்பை 16 நெல் போட்டுப் பழகிய சம்சாரி, புது ரகத்தை முதல் பூவில் ஒரு வயலில் மட்டும்தான் நடுவார். அதுபோல 3.13 ஓடிக்கொண்டிருக்கட்டும், 3.14க்குத் தனி பில்ட், தனி டேக். அது தோற்றாலும் மற்றவை நிற்காதபடி பைப்லைனில் அமைத்துவிடுங்கள். 'லேட்டஸ்ட்' டேகைக் கடைசியில் தொடுங்கள். அதை நம்பியிருக்கும் குழுக்கள் உங்களுக்குத் தெரியாமலே இருக்கும்.

இனி, எங்கே அடி விழும் என்று பார்ப்போம். பதிப்பு எண்ணை எப்போதும் மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். 3.10 வந்தபோது யாமல் கோப்பில் குறியில்லாமல் எழுதியவர்களுக்கு அது தசம எண்ணாகி 3.1 என்று போய் நின்றது. எனக்கு அதிலேயே ஒரு சாயங்காலம் போனது. பிழைச்செய்தி கண் முன்னே இருந்தும் பிடிபடவில்லை.

அடுத்தது வீல் கோப்புகள், அதாவது முன்பே கட்டிவைத்த தொகுப்புகள். நீங்கள் பயன்படுத்தும் தொகுப்புக்குப் புதுப் பதிப்பின் வீல் வெளியாகியிருக்காவிட்டால், பிப் மூலநிரலை இறக்கித் தானே கட்டப் பார்க்கும். ஸ்லிம் இமேஜில் ஜிசிசி கிடையாது, பில்ட் அங்கேயே விழும். உடனே ஜிசிசியை அதில் ஏற்றுவது சுலபம், ஆனால் இமேஜ் ஊதிப்போகும். முழு இமேஜ் விரிந்தால் சுமார் 1 ஜிபி, ஸ்லிம் அதில் ஆறில் ஒரு பங்குகூட வராது. பல கட்ட பில்டில் முதல் கட்டத்தில் கட்டி, வீலை மட்டும் இரண்டாம் கட்டத்துக்கு எடுத்துவாருங்கள். அளவு குறையும் என்று ஆல்பைனுக்குத் தாவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் சி நூலகம் மஸ்ல். வழக்கமான லினக்ஸ் வீல்கள் அதில் ஏறாது.

மொழியிலிருந்தே சில பொருட்கள் போயிருக்கும். 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை. 3.13இல் சிஜிஐ, டெல்நெட்லிப் உட்பட 19 பழைய மாட்யூல்கள் நீங்கின. அடித்தளமும் நகரும்: 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்ததும் வெறும் 'ஸ்லிம்' டேக் புக்வார்மிலிருந்து ட்ரிக்சிக்கு மாறியது. மொழியையும் இயங்குதளத்தையும் ஒரே நாளில் மாற்றினால், எது உடைத்தது என்று சொல்ல முடியாது. டேகில் டெபியன் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

டாக்கர்ஃபைலில் பதிப்பை ஆர்க் மாறியாக வைப்பவர்களுக்கு ஒரு சொல்: ஃப்ரம் வரிக்கு மேலே அறிவித்தது கீழே தெரியாது. அங்கே மறுபடி அறிவிக்க வேண்டும்.

மாற்றத்தை அனுப்பும்போது எந்தச் சோதனைகள் ஓடின, இமேஜ் அளவு எவ்வளவு கூடியது, எந்தத் தொகுப்புக்காகக் காத்திருக்கிறோம் என்று நாலு வரி எழுதுங்கள். நேர்காணலிலும் அந்த நாலு வரியையே சொல்லலாம். டாக்கர் தெரியும் என்பவர் பத்துப் பேர் வருவார்கள். பில்ட் எங்கே விழுந்தது, எப்படி எழுப்பினேன் என்று சொல்கிறவரைத்தான் கேட்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

பழையதை எடுப்பதும் இதே வேலையின் பகுதிதான். 3.9இன் ஆயுள் 2025 அக்டோபரோடு முடிந்தது, 3.10இன் முறை 2026 அக்டோபரில். பழைய பதிப்பின் டேகை இன்னும் யார் இழுக்கிறார்கள் என்று ரெஜிஸ்ட்ரியில் பார்த்து, ஒவ்வொரு குழுவிடமும் நாளைக் குறித்துச் சொல்லிவிட்டு, அதன்பிறகே பில்டில் அதன் வரியை நீக்குங்கள்.