மாடி அறைக்கு இன்னும் பூச்சு இல்லை

திருவாடானை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதி, வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ரூமில் நிதானமாகப் படி.

நேற்று உன் அம்மா வந்து அழுதது. போன ரெண்டு மாதமும் முப்பதாயிரம் வந்ததாம், இந்த மாதம் பதினெட்டுதானாம். உனக்கு வேலை போய்விட்டதோ, உடம்புக்கு ஏதுமோ என்று ஒரே புலம்பல். ஓவர்டைம் நின்றிருக்கும் என்றேன், காதில் ஏறவில்லை. முப்பது வந்த தெம்பில் ஒரு சீட்டிலும் சேர்ந்துவிட்டது, மாதம் ஐயாயிரம். அதன் மேல் தப்பில்லை. இதுவரை வந்ததில் எது பெரிய தொகையோ அதையே உன் சம்பளம் என்று வீடு எடுத்துக்கொள்ளும்.

ஆகவே மாதாமாதம் ஒரே தொகை அனுப்பு. 800 திர்ஹாம் என்றால் 800தான், தீபாவளியானாலும் சரி. ஓவர்டைம் காசு ஊர்ப்பக்கமே வரக்கூடாது. முதலில் அது விசாவுக்கு வாங்கிய கடனுக்குப் போகட்டும். ரெண்டு வட்டி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வருஷத்துக்கு 24 சதவீதம் அது. அந்தக் கடன் தீரும்வரை வீட்டுக்கு ஒரு செங்கல்கூட வாங்காதே.

என் கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. நான் 1988-ல் சார்ஜா போனேன். அப்போது ஒரு திர்ஹாமுக்கு நாலு ரூபாய்கூடத் தேறாது. டிராஃப்ட் எடுத்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்புவேன், எல்லாம் உன் தாத்தா பேருக்கு. பதினோரு வருஷம் அப்படி. 1999-ல் லீவில் வந்தபோது, நிலம் ஏதாவது வாங்கலாமே, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். தாத்தா எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்து மடியில் வைத்தார்.

எல்லாம் எழுதியிருந்தது. மணல் ரெண்டு லோடு. சின்னக்கா வளைகாப்பு. கோயில் வரி. உன் அம்மாவுக்கு நாலு பவுன். சித்தப்பா ஆபரேஷனுக்குக் கைமாத்து, பக்கத்திலேயே "வராது" என்று குறிப்பு. கடைசிப் பக்கத்தில் கூட்டிப் போட்டு, அடியில் மீதி ரூ.340. ஒரு பைசா யாரும் தின்னவில்லை, மாப்பிள்ளை. திருடியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் "செய்யுங்கள் அப்பா" என்று எழுதிப் போட்டவன் நான்தான். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்காக இன்னும் பதினைந்து வருஷம் அங்கே கிடந்தேன். எதிர்வீட்டுக்காரன் மாடி எடுத்தான் என்று நாமும் எடுத்த அந்த அறைக்கு இன்னும் பூச்சு இல்லை. அத்தை அதில் முண்டு மிளகாய் மூட்டை போட்டு வைத்திருக்கிறாள்.

உன் பேரில் என்ஆர்இ கணக்கு ஒன்று திற. இந்தியாவில் அதன் வட்டிக்கு வரி கிடையாது, வேண்டுமென்றால் திரும்ப வெளிநாட்டுக்கும் எடுத்துப் போகலாம். டெபாசிட் போட்டால் ஒரு வருஷமாவது விட வேண்டும், இடையில் உடைத்தால் வட்டி இல்லை. இங்கே ஏற்கெனவே இருக்கும் சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டாதே. வெளிநாடு போனவன் அதை என்ஆர்ஓவாக மாற்ற வேண்டும் என்பது சட்டம். பல பையன்கள் இதைச் செய்வதே இல்லை. என்ஆர்ஓ வட்டியில் வரி பிடிப்பார்கள், அதனால் அதில் அதிகம் வைக்காதே.

கேம்பில் எவனாவது உண்டியலில் அனுப்பலாம், முப்பது பைசா கூட, வீட்டு வாசலிலேயே காசு என்பான். என் ரூமில் ஒருவன் மூவாயிரம் திர்ஹாம் கொடுத்தான். வாங்கியவன் மறுவாரம் ஆளையே காணோம். அதுவே சட்டவிரோதம், யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? போய்ச் சேர்ந்தாலும் அந்தப் பணத்துக்குத் தடம் இருக்காது. நாளை வீட்டுக் கடன் கேட்டால் எதைக் காட்டுவாய்?

ரேட் பைத்தியமும் வேண்டாம். 2013 ஆகஸ்டில் ரூபாய் விழுந்து திர்ஹாம் 18-ஐத் தாண்டியபோது எக்ஸ்சேஞ்ச் வாசலில் தெரு வரை வரிசை. கடன் வாங்கி அனுப்பினவர்களை என் கண்ணால் பார்த்தேன். திர்ஹாம் டாலரோடு கட்டியது, ரூபாய் விழுந்தால் அது தானாக ஏறும். கூடவே இங்கே டீசலும் ஏறும், தங்கமும் ஏறும். லாபம் என்று குதித்தவன் அங்கே வட்டி கட்டினான்.

கான்ட்ராக்ட்டில் பேசிக் எவ்வளவு என்று பார்த்தாயா? கிராஜுவிட்டி அதை வைத்துத்தான். முதல் ஐந்து வருஷம், வருஷத்துக்கு 21 நாள் பேசிக், அதற்கு மேல் 30 நாள். ஒரு வருஷம் முடியாமல் கிளம்பினால் ஒன்றும் கிடையாது. கோபத்தில் அடுத்த கம்பெனிக்குத் தாவும்முன் நாள்காட்டியைப் பார்.

2024-25-ல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு 13,500 கோடி டாலருக்கு மேல் வந்ததாம், பேப்பரில் பெருமையாகப் போட்டிருந்தான். படித்துவிட்டு நான் மாடி அறையைத்தான் பார்த்தேன்.

உன் அம்மாவிடம் சீட்டை விடச் சொல்லமாட்டேன், முதல் தவணை கட்டியாயிற்று. நடுவில் நின்றால் தெருவில் பேச்சாகும். அதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன், கடன் தீர்ந்தபிறகு கொடு. நீயே அம்மாவுக்குப் போன் போட்டு, இனி மாதம் 800தான் என்று உன் வாயால் சொல். நான் சொன்னால் மாமன் கெடுத்தான் என்றாகிவிடும்.

வரும்போது டாங் டப்பா தூக்கி வராதே, தொண்டியிலேயே கிடைக்கிறது. கோடாலித் தைலம் மட்டும் ரெண்டு.

இப்படிக்கு,
மாமா