மான்கள் மேயும் பழைய தலைநகரம்

கராச்சர்மாவில் பாட்டியும் பேத்தியும் பஸ் ஏறினார்கள். அபர்தீனில் இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தார்கள். எதிரே ஒரு சின்னத் தீவு தெரிந்தது. முன்பு அதன் பெயர் ராஸ் தீவு. 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. பாட்டிக்கு அது இன்னும் ராஸ்தான்.

படகை விட்டு இறங்கினார்கள். தென்னை மரத்தடியில் புள்ளிமான்கள் நின்றன. ஆளைக் கண்டு ஓடவில்லை. ஆடு மாதிரி பக்கத்தில் வந்தன. மயிலும் முயலும்கூட அங்கே உண்டு.

மேட்டில் இடிந்த சுவர்கள் தெரிந்தன.

"இவ்வளவு பெரிய வீடு யாருக்கு, பாட்டி?"

"வெள்ளைக்காரத் துரைக்கு. கட்டினது கைதிங்க."

1857இல் வெள்ளையரை எதிர்த்து வடநாட்டில் பெரும் போர் நடந்தது. அதில் பிடிபட்டவர்களை 1858இல் கப்பலில் அந்தமானுக்குக் கொண்டு வந்தார்கள். இந்தத் தீவின் காட்டை வெட்டியவர்கள் கைதிகளே. பிறகு துரை மாளிகை, தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், அச்சகம், நீச்சல் குளம் எல்லாம் வந்தன. அந்தமானுக்கே இதுதான் தலைநகரம். 1941இல் நிலம் நடுங்கியது. கட்டடங்கள் சேதமாயின. 1942இல் ஜப்பானியர் வந்தார்கள். 1945 வரை இருந்தார்கள். அதன் பிறகு தீவில் குடியிருப்பு இல்லை. 1979இல் தீவு கடற்படையின் கைக்கு வந்தது.

இப்போது சுவர்களைப் பிடித்திருப்பவை மர வேர்கள். பறவை போட்ட விதை செங்கல் இடுக்கில் முளைத்தது. வேர் சுவரைப் பிளந்தது. ஆனால் அதே வேர்தான் சுவரைத் தாங்கியும் நிற்கிறது. மரத்தை வெட்டினால் சுவர் சரியும். விட்டால் விரிசல் பெருகும். என்னதான் செய்வது?

மான்களின் கதையும் சிக்கலானதே. அவை அந்தமானில் பிறந்த இனம் அல்ல. வேட்டையாடுவதற்காக வெள்ளையர் கொண்டு வந்தவை. அந்தமானில் புலி இல்லை, சிறுத்தை இல்லை. மான்கள் பெருகின. பல தீவுகளுக்குப் பரவின. இளங்கன்றுகளைத் தின்றுவிடுவதால் காட்டில் புது மரம் வளர்வது குறைகிறது. பார்க்க அழகுதான், என்ன செய்ய!

பாட்டி பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு மான் பிளாஸ்டிக் உறையையே கவ்வி இழுத்தது.

"பாட்டி, விடாதீங்க! தின்னா வயித்துல போய் அடைச்சுக்கும்."

பாட்டி உறையைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். பிஸ்கட்டைப் பேத்தியிடம் கொடுத்தார். மான் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு உதிர்ந்த இலையை மேயப் போனது.

எழுதிப் பாருங்கள்:
உங்கள் ஊரில் உள்ள பழைய கட்டடம் எது? அதைக் கட்ட உழைத்தவர்கள் யார்? பெரியவர்களிடம் கேட்டு நான்கு வரி எழுதுங்கள்.