பெனிக்: காரணமில்லாப் பயமும் கடைத்தெருவும்

"பெனிக் ஆக வேண்டாம்" என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். கல்முனைக் கடைத்தெருவில் ஆங்கிலம் படிக்காதவருக்கும் இச்சொல் தெரியும். அது பிறந்த கதையில் வியாபாரிகளுக்கு ஒரு பாடம் இருக்கின்றது.

பண்டைய கிரேக்கர் பான் என்றொரு தெய்வத்தைக் கற்பனை செய்திருந்தனர். ஆட்டின் கால்களும் கொம்புகளும் கொண்ட அது இடையர்களுக்கும் மந்தைகளுக்கும் உரியது. ஆர்க்கேடியா மலைகளில் திரிவது. ஆளரவமற்ற இடத்தில் மந்தை திடீரென மிரண்டு ஓடினால் பானின் வேலை என்பார்கள். அந்தப் பயத்துக்குப் பானின் பெயரையே வைத்தார்கள். அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'பெனிக்' ஆயிற்று. அக்கதையில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் சொல்லின் கருத்தைக் கவனியுங்கள்: காரணம் தெரியாமல், அடுத்தவர் ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடும் பயம்.

எல்லாப் பயமும் பெனிக் அல்ல. 2022 இல் நாட்டில் டொலர் இருக்கவில்லை. ஏப்ரல் 12 இல் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றானது. அது உண்மையான தட்டுப்பாடு.

2025 மார்ச் தொடக்கத்தில் நடந்தது வேறு. விநியோகஸ்தர்களின் 3 சதவீதக் கழிவு தொடர்பான பிணக்கினால், பெற்றோல் கிடைக்காது என்ற பேச்சுப் பரவியது. போதிய கையிருப்பு உண்டு என்று அறிவித்த பிறகும் மக்கள் வரிசையில் நின்றனர்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு செட்டில் நாளொன்றுக்கு 500 பேர் தலா 2 லீற்றர் அடித்தால் 1,000 லீற்றர். வதந்தி பரவிய அன்று 1,500 பேர் தலா 8 லீற்றர் அடித்தால் 12,000 லீற்றர். பன்னிரண்டு நாள் இருப்பு ஒரே நாளில் முடியும். இல்லாத தட்டுப்பாட்டைப் பயமே உண்டாக்கிவிடும்.

நானும் ஓடியவன்தான். 2022 கடைசியில், விலை இன்னும் ஏறும் என்று எல்லோரும் சொல்ல, கடன்பட்டுப் பருப்பு மூட்டைகளை அடுக்கினேன். 2023 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி உயர்ந்தது. பருப்பு விலை இறங்கியது. வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றே கடனை அடைத்தேன். நட்டத்தைவிட, விலை ஏறட்டும் என்று காத்திருந்த என் மனம்தான் இன்றும் உறுத்துகிறது. பதுக்கலை நபி (ஸல்) அவர்கள் பாவமென்று கண்டித்ததை நான் அறியாதவனல்ல.

வந்த செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகிறது. இதைக் கடைக்குப் பொருத்துவோம். சொன்னவர் யார்? கொழும்பு மொத்த வியாபாரியிடம் விலை கேட்டோமா? வழமையாக எத்தனை மூட்டை விற்கிறோம்? இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை பணப்பெட்டியைத் திறக்காதிருப்போம்.