முன்சக்கரம் வாங்கப் போகிறீர்களா?

சென்ற பள்ளி விடுமுறையில் என் உயர்நிலை மூன்று மாணவர் ஒருவர் சாலைச் சைக்கிளோடு ஓரக்கல்லில் மோதினார். அவருக்குக் காயமில்லை, முன்சக்கரம் மட்டும் வளைந்துவிட்டது. அங்பாவ் பணத்தில் இணையத்தில் பழைய சக்கரம் ஒன்றை வாங்கினார். "ரொம்ப லேசு சார்" என்று பெருமையாகக் கொண்டுவந்தார். அது அவருடைய சைக்கிளில் மாட்டவே இல்லை.

2010ல் சிங்கப்பூரின் முதல் சைக்கிளோட்ட நகரமான தெம்பனிசில் வசிக்கும் பலருக்கு இது உதவும் என்பதால், அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எடை. விளம்பரங்கள் இதைத்தான் உரக்கச் சொல்கின்றன. ரிம்மின் எடை முன்னோக்கியும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. அதனால் வேகம் எடுக்கும்போது ரிம்மில் உள்ள ஒரு கிராம், சட்டத்தில் உள்ள இரண்டு கிராமுக்குச் சமம். இது உண்மைதான். ஆனால் கணக்குப் போடுங்கள். மலிவான ரிம் 200 கிராம் கூடுதல் என்றால், அதன் விளைவு 400 கிராம். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்றால் இது ஏறத்தாழ 0.6 விழுக்காடு. உங்கள் புட்டியில் உள்ள அரை லிட்டர் தண்ணீர் இதைவிடக் கனம்! மாற்றுச் சக்கரத்துக்காக எடையைப் பார்த்துப் பணம் கொடுப்பது வீண் என்பதே என் கருத்து.

பிறகு எதைப் பார்ப்பது? பிரேக். நம் பூங்கா இணைப்புப் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு சுமார் 6.9 மீட்டர். அந்த வேகத்தில் 70 கிலோவின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1,700 ஜூல். இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது கிட்டத்தட்ட வீவக வீட்டுக் கூரையின் உயரத்திலிருந்து, விழும்போது கிடைக்கும் ஆற்றல் இது. நிற்கும்போது அது வெப்பமாக மாற வேண்டும். பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாய்வதால் இதில் பெரும்பகுதி முன்சக்கரத்திலேயே நடக்கிறது.

உங்களுடையது ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கா, தட்டு பிரேக்கா என்று முதலில் பாருங்கள். தட்டு பிரேக்குக்கான சக்கரத்தின் ரிம்மில் பெரும்பாலும் கட்டைகள் உராயும் பரப்பே இருக்காது. என் மாணவர் வாங்கியது அதைத்தான். அச்சும் வேறு. பழைய வகைச் சக்கரம், நெம்புகோலால் இறுக்கும் மெல்லிய அச்சில் நிற்கும். தட்டு பிரேக் சக்கரங்கள் பலவற்றில் 12 மில்லிமீட்டர் தடித்த அச்சு ஊடுருவிச் செல்லும். இரண்டிலும் முன்கவையின் அகலம் பொதுவாக 100 மில்லிமீட்டர்தான். அகலம் சரியாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. '700' என்று எழுதிய சக்கரத்தை அளந்தால் 700 மில்லிமீட்டர் வராது. டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622. அதில் 25 மில்லிமீட்டர் டயர் போட்டால் மொத்தம் 672 தான். பழைய சாலைச் சைக்கிள்களில் வரும் '27 அங்குல' ரிம்மின் அளவு 630. எட்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் டயர் பொருந்தாது. டயரின் பக்கவாட்டில் '25-622' போன்ற எண் இருக்கும். அதை மட்டும் நம்புங்கள்.

அடுத்து, பழைய சக்கரத்தைச் சோதிக்கும் வழி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கம்பியைக் கையாலேயே வளைக்கலாம். ஆனால் இழுத்து அறுக்க முடியுமா? சக்கரம் நிற்பதே அந்த இழுவிசையால்தான். நல்ல சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ஏறத்தாழ 1,000 நியூட்டன் விசையில் இழுபட்டிருக்கும். வீணைத் தந்தியைப்போல் ஒவ்வொன்றையும் விரலால் மீட்டுங்கள். ரிம் பிரேக் முன்சக்கரத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே சுருதி கேட்க வேண்டும். இழுவிசை நான்கில் ஒரு பங்கானால் அதிர்வெண் பாதியாகும். ஆகவே தளர்ந்த கம்பி 'டொக்' என்று தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். (தட்டு பிரேக் சக்கரத்தில் இரு பக்கமும் இழுவிசை வேறுபடுவது இயல்பு.)

பிறகு சக்கரத்தைச் சுழற்றி, ரிம் இடவலமாக ஆடுகிறதா என்று பாருங்கள். பிரேக் உராயும் பரப்பின் குறுக்கே அளவுகோலின் விளிம்பை வையுங்கள். நடுவில் குழிவாக வெளிச்சம் தெரிந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது வேண்டாம். டயரின் காற்றழுத்தமே அந்தச் சுவரைப் பிளந்துவிடலாம்.

கம்பிகள் 20 இருப்பதைவிட 32 இருப்பதையே நான் எடுப்பேன். ஒன்று அறுந்தாலும் மற்றவை சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். சற்றுக் கோணலாக ஆடினாலும் மெதுவாக வீடு வந்து சேரலாம்.

என் மாணவர் அந்தச் சக்கரத்தை விற்றுவிட்டு, 32 கம்பிகள் கொண்ட அலுமினியச் சக்கரம் ஒன்றை வாங்கினார். புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்து நாங்கள் இருவரும் எல்லாக் கம்பிகளையும் மீட்டிப் பார்த்தோம். இரண்டு தளர்ந்திருந்தன. சைக்கிள் கடைக்காரர் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். வளைந்த பழைய சக்கரம் இப்போது எங்கள் அறிவியல் கூடத்தில் தொங்குகிறது.